ஜெபச் சங்கிலியில் ஆறாவது ஆள்

எழுதி முடித்த பிறகுதான் வாசித்தேன். ஜெப வேண்டுதலை ஒருத்தி அடுத்தவளுக்கு ரெலிபோனில் சொல்லுகிற சபைச் சங்கிலியில் பத்து வருடப் பழக்கம். ரெலிபோன் அடித்தால் ஒரு கை றிசீவரை எடுக்கும், மற்றக் கை பென்சிலை எடுக்கும், காதில் விழுந்ததைக் கை எழுதும். நடுவில் நான் என்று ஒருத்தி இருக்கத் தேவையே இல்லை. துஷாந்தி பெயரைச் சொன்னாள், எழுதினேன். வயது அறுபத்தெட்டு என்றாள், எழுதினேன். "கணையத்தில கான்சராம் அக்கா. ஈரலுக்கும் பரவிட்டுதாம். அவவுக்கு இன்னும் தெரியாதாம். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் மகள் சரியாக் கஷ்டப்படுறாவாம். மகளுக்குப் பெலன் கிடைக்கவேணும் எண்டு ஜெபிக்கட்டாம்." ஈரலுக்கு என்ன என்று திருப்பிக் கேட்டேன். பரவிட்டுதாம் என்றாள். பரவிவிட்டது என்று எழுதினேன். "சரி பிள்ளை, நான் பவளத்துக்குச் சொல்லுறன்" என்று வைத்தேன். அடுப்பில் சபையில் மூத்தவரான மார்த்தாவுக்குக் கொடுக்க வைத்த நூடில்ஸ் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது, போய்க் குறைத்தேன். திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து விளங்குகிறதா என்று பார்த்தேன். சிவகாமசுந்தரி நவரத்தினம். என் கையெழுத்து எப்போதும் நல்ல எழுத்து. பெயர் கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது. பாவம், தெரிந்த பெயராக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சிவகாமசுந்தரி யாரென்று துஷாந்திக்குத் தெரியாது. அவள் கனடாவுக்கு, இந்தக் கிச்னருக்கு வந்து எட்டு மாதம். அவளுக்கு நான் கிளி அக்கா. சபையில் எல்லோருக்கும் கிளி அக்காதான். சங்கிலிப் பட்டியலில் ஆறாவது இடத்திலும் கிளி அக்கா என்றுதான் அடித்திருக்கிறது. எங்கள் ஊர் ஆட்களுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மற்றவர்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் மரண அறிவித்தலில். படத்துக்குக் கீழே முழுப் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கிளி. அட, கிளி அக்காவின் பெயர் சிவகாமசுந்தரியா என்று பஸ்ஸில் நின்றபடி ஃபோனைப் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை வாயால் கூப்பிட்டது என் புருஷன், இவர் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். சாதாரண நாளில் "இஞ்சேர்". கோபம் வந்தால் ஓர் எழுத்தும் விடாமல் முழுவதும். இவர் செத்து ஆறு வருடம், ஆறு வருடமாக அந்தப் பெயர் பாங்கிலிருந்து வரும் கடிதத்தில் மட்டும் இருந்தது. ஞானஸ்நானம் எடுக்கும்போது பெயரை மாற்ற வேண்டுமா என்று மார்த்தாவிடம் கேட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. எங்கள் மெனோனைட் சபை ஆட்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். விவரம் தெரிந்து, நாமாக வந்து கேட்டால்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்.  கர்த்தருக்கு உன்னை எந்தப் பெயரில் தெரியுமோ அது இருக்கட்டும் என்றார். அது எந்தப் பெயர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெப்ரவரி மாதம். ஊற்றிய தண்ணீர் முதுகுவழியாக இறங்கி இடுப்புப் பட்டியில் போய் நின்றதுதான் ஞாபகம். அதற்குப் பிறகு படித்த பாட்டு எதுவும் ஞாபகம் இல்லை.

சங்கிலிக்குச் சட்டம் போட்டதும் மார்த்தாதான். மார்த்தா போமன், வயது எண்பத்தாறு, இந்த மாதம் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு எங்களைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்குக் கை நிறையக் குளிர்க்கோட்டுகளோடு வந்து நின்ற பெண். சட்டம் மூன்று. வந்ததை வந்தபடி சொல்ல வேண்டும், ஒரு சொல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. பதினைந்து நிமிடத்துக்குள் அடுத்த ஆளுக்கு எடுக்க வேண்டும். சங்கிலியில் இருக்கிற ஒருத்திக்கே நோய் வருத்தம் என்றால் அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு எடுக்க வேண்டும். தமிழ்ப் பெண்கள் பன்னிரண்டு பேர், இங்கிலீஷ்ப் பெண்கள் இருபது பேர், இரண்டு சங்கிலி, சட்டம் ஒன்று. நடுவில் ஒருமுறை வாட்ஸப்புக்கு மாற்றிப் பார்த்தோம். கண்ணீர் விடும் புறாவும் மினுங்கும் ரோசாப்பூவும் வந்து குவிந்ததில், யாருக்கு என்ன வருத்தம் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய், திரும்பவும் ரெலிபோனுக்கு வந்துவிட்டோம். மூன்றாவது சட்டத்தைப் பார்த்துக்கொள்வது ரூபியின் வேலை. பட்டியலில் முதல் ஆள் அவள். அவள் இருந்திருந்தால் "கிளியை விட்டிட்டுப் பவளத்துக்கு எடு" என்று துஷாந்திக்கு முதலே சொல்லியிருப்பாள். பேத்தியின் நடன அரங்கேற்றம் என்று ஸ்காபரோவுக்குப் போய்விட்டாள். ஆக எனக்கு முன்னால், இரண்டாவது ஆளிலிருந்து துஷாந்தி வரை, நான்கு பேருக்குத் தெரியும். அதில் இரண்டு பேருக்கு என் முழுப் பெயரும் தெரியும். அவர்களும் பெயரைக் கேட்டு, திடுக்கிட்டு, சட்டப்படி தங்களுக்கு அடுத்தவளுக்கு எடுத்துவிட்டு அழப் போயிருப்பார்கள். நாலாள் தள்ளி யார் கிளியைத் தாண்டுவது என்று யோசித்திருக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒருத்தியையும் குற்றம் சொல்ல வரவில்லை.

அடுப்பு மணிக்கூடு ஒன்பது இருபத்திரண்டு என்றது. மார்ச்சில் நேரம் மாற்றியபோது அதை மாற்றவில்லை, ஆகவே பத்து இருபத்திரண்டு. பத்து முப்பத்தைந்துக்குள் பவளத்துக்கு எடுக்க வேண்டும். நூடில்ஸை வடித்தேன். கோழியைப் பிய்த்துப் போட்டேன். மிளகு கொஞ்சம் போதும், மார்த்தாவுக்கு நாக்கு தாங்காது. உப்பு அதைவிடக் கொஞ்சம். கணையம் எங்கே இருக்கிறது? ஈரல் தெரியும், ஆட்டில் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் தெரியும். கணையத்தை யாரும் கறி வைத்து நான் பார்க்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மேலே, இடது பக்கம், பிறகு தொப்புளுக்கு நேராக. எங்கே அழுத்தினாலும் அது நான்தான். நோவு முதுகில்தான் வருகிறது, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில், உள்ளே இருந்து பின்பக்கமாகத் தள்ளுகிற மாதிரி. பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவையில் குனிந்து நிமிர்ந்த முதுகு, நோகாமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். அந்தச் சலவையில் நோயாளி ஒருவரையும் கண்டதில்லை, விரிப்புகளைத்தான் கண்டேன். எந்த மாடிப் பை என்று நிறத்தில் தெரியும். பிள்ளை பெறுகிற மாடியிலிருந்து வருவதுதான் பெரிய அசிங்கம். மேல்மாடி விரிப்புகள் துப்புரவாக வரும், தோய்க்கவே தேவையில்லாத மாதிரி. முதல் வருடம் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேலை மிச்சம். அங்கே சாகக் கிடப்பவர்கள் சாப்பிடுவதில்லை, அதனால்தான் அப்படி என்று கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி சொன்ன பிறகு அந்தப் பையைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒரு மணமும் இல்லாத பை அது. எதற்குப் பிடித்தேன் என்று தெரியாது.

என் மகள் நிரோஜாவுக்கு எப்போது தெரிந்தது? ஸ்கான் எடுத்தது இருபத்தொன்பதாம் தேதி. படிவத்தில் எடுக்க வேண்டிய நம்பர் என்ற இடத்தில் அவள் தன் நம்பரைத்தான் எழுதினாள், நான் தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதில்லை என்பதால். அடுத்த செவ்வாய் வந்து, "ஒண்டுமில்லை அம்மா, வயித்தில புண். குளிசை தருவினம்" என்றாள். சொல்லிவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று போனவள் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர்க் காசு மேல இருந்து உன்ர கொப்பரே கட்டுறார்? என்று இங்கிருந்து கத்தினேன். அன்றைக்குத்தான் என் கால் நகத்தை வெட்டிவிட்டாள். குனிய முடியவில்லை என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டதா என்று மனதுக்குள் ஒரு கொதிப்பு. போன சனிக்கிழமை நண்டு வாங்கிவந்தாள். நான் கறி வைக்க, ஃபோனைப் பிடித்து வீடியோ எடுத்தாள். "சும்மாதான் அம்மா. எவ்வளவு தூள் போடுறீங்கள் எண்டு வாயால சொல்லிச் சொல்லிப் போடுங்கோ." நானும் நடிகை மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொல்லிச் சொல்லிப் போட்டேன். அவள் சிரித்தாள், சிரிப்பில் ஃபோன் ஆடியது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அவள். சங்கிலிக்கு அவள் வைத்த பெயர் அம்மாவின் இலங்கை வானொலி. அவள் போய்ச் சபை ஒஃபிஸுக்கு எழுதியிருக்கிறாள், என் முழுப் பெயரையும் போட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதுகிற மாதிரி. எழுதிவிட்டு எத்தனை தரம் அழித்திருப்பாள். யாரிடம் போவது என்று தெரியாமல், என்னைத் தாண்டித்தான் எடுப்பார்கள் என்ற சட்டத்தை நம்பி, கடைசியில் என் ஆட்களிடமே போயிருக்கிறாள். இதை நினைக்கும்போதுதான் நெஞ்சு கரித்தது, கான்சரை நினைத்தபோது அல்ல. கான்சர் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது.

பத்து இருபத்தாறு. தட்டை அடுப்பின் கீழ் அவணுக்குள் வைத்தேன். வைக்கும் முன் தூக்கி அடியைப் பார்த்தேன். மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதில் கிளி என்று எழுதியிருந்தது. இந்த ஆட்களின் வழக்கம் இதுவும்: வருத்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு தட்டின் அடியிலும் உரிமைக்காரியின் பெயர் இருக்கும், திருப்பிக் கொடுக்க. என்ன வருத்தம், எப்படி இருக்கிறாய் என்று அதிகம் கேட்க மாட்டார்கள். தட்டைக் கொண்டுபோய் வைப்பார்கள், பழைய தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் சபையில் இருந்த லோகேஸ்வரிக்கு நாங்கள் அப்படித்தான் ஐந்து மாதம் கொடுத்தோம். என் முறை வியாழன். அவளுக்கும் இதே இடம்தான், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, வயிற்றுக்குப் பின்னால் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கும் சொல்லவில்லை. புருஷன் வேண்டாம் என்றார், பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள், நாங்களும் பெரிய மனது பண்ணி வேண்டாம் என்றோம். ஒவ்வொரு வியாழனும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்காய் விலை கதைப்பேன். கடைசி நான்கு வியாழன் தட்டு கை படாமல் திரும்பி வந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, இவ்வளவு பாடுபட்டுச் செய்கிறேனே என்று. அதில் ஒரு வியாழன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை, ஆனால் விடவில்லை. "கிளி அக்கா, நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள். எனக்கு என்ன?" நான் சிரித்தேன். "வயித்துப்புண் பிள்ளை. மாறிடும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, முருங்கைக்காய் இப்போது என்ன விலை என்று அவளே கேட்டாள். நானும் சொன்னேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சாகும்வரை.

ஜெபிக்கலாம் என்று மேசையில் உட்கார்ந்தேன். அதுதானே முதல் வேலை, அடுத்தவளுக்கு எடுக்கும் முன் ஒரு வரியாவது. கர்த்தாவே, சகோதரி சிவகாமசுந்தரியை. அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றது. நான் எழுதுகிற இந்தக் கொப்பியில் பத்து வருடத்து ஆட்கள் இருக்கிறார்கள். இடுப்பு, மார்பு, மருமகன் குடி, விசா, பேரப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி சொன்னேன், கறியைத் துழாவிக்கொண்டும் சொன்னேன், பல் தீட்டிக்கொண்டும் சொன்னேன். சகோதரியைத் தொடும், சகோதரியைத் தேற்றும். தேற்றுகிறது என்றால் என்ன என்று ஒருநாளும் யோசிக்கவில்லை, கவுண்டருக்குப் பின்னால் இருந்து முத்திரை குத்துகிற மாதிரி. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிடலாம், பயமாக இருக்கிறது. சாவுக்குப் பயம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும், அந்தப் பயம் இன்னும் வரவில்லை, வரும். இப்போது பயம் வியாழக்கிழமைக்கு. சங்கிலியில் இருக்கிற புஷ்பம் உப்புக் கூடின குழம்போடு வருவாள். ரூபியின் இடியப்பம் நார் மாதிரி. துஷாந்தி வாசலில் நின்று கோட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று தவிப்பாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்து விலை கதைப்பார்கள். அது போகட்டும், அவர்களைச் சமாளிக்கலாம். நிரோஜாவும் கதைப்பாள். முப்பத்தெட்டு வயதில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மாறிவிடும் அம்மா என்று, முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நான் ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடிப்பேன். பிடிக்காமல் இருக்க எனக்குப் பலம் இருக்காது. அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவள் அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பாள்? நான் லோகேஸ்வரியிடம் சிரித்ததை இன்னும் வைக்க இடம் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன்.

பேசாமல் இந்தத் தாளைக் கிழித்துவிடலாம். வரவில்லை என்று இருந்துவிடலாம். சங்கிலி என்னோடு அறுந்தால் மிச்சம் ஆறு பேருக்குத் தெரியவராது, அவ்வளவுதான், உலகம் முழுகாது. ஐந்து மணிக்கு நிரோஜா வேலை முடிந்து வருவாள், நான் ஒன்றும் தெரியாத கிளியாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். அவள் நடிப்பாள், நானும் நடிப்பேன், நல்ல குடும்பம். பத்து முப்பத்தொன்று. அல்லது நேரே அவளுக்கே எடுத்து, பிள்ளை எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். நம்பர் மனப்பாடம். றிசீவரை எடுத்து முதல் மூன்று எண்ணையும் அழுத்தினேன். அவளுடைய ஒஃபிஸில் வரிசையாகப் பெண்கள் இருப்பார்கள், நடுவில் இவள், காதில் அந்த வயரோடு. அங்கே வைத்து அவளை உடைக்கச் சொல்வதா? வைத்துவிட்டேன். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னால் அது முடியுமா? முடியாது.   இதற்குத்தான் ஆட்கள் பெலன் கேட்கிறார்கள் போல. பத்து வருடம் பெலன் பெலன் என்று எழுதிக்கொடுத்தவளுக்கு அது எதற்கென்று பத்து முப்பத்திரண்டுக்குத்தான் விளங்கியது.

பவளத்துக்கு எடுத்தேன். என்னோடு ஒரே விமானத்தில் வந்தவள், மார்த்தா எடுத்துத் தந்த வீட்டில் நான்கு மாதம் என்னோடு ஒரே அறையில் படுத்தவள், குடிவரவுப் படிவங்களை நான்தான் அவளுக்கும் நிரப்பினேன். "ஓம் கிளி, சொல்லு. ஜெபமோ? பொறு, பேனை எடுக்கிறன்." பேனை தேடுகிற சத்தம், மேசை லாச்சி திறக்கிற சத்தம். "ம், சொல்லு." சகோதரி, என்றேன். பவளம் எழுதும்போது எழுத்துக் கூட்டிச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவாள். "சகோ... தரி... ம்." சிவகாமசுந்தரி நவரத்தினம், என்றேன். "சிவ... காம..." என்று வந்து நின்றுவிட்டாள். அவள் வீட்டு டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது திடீரென்று அணைந்தது. "கிளி." எழுது, என்றேன். "எடி கிளி, என்னடி இது?" "எழுது பவளம். வயசு அறுபத்தெட்டு. கணையத்தில கான்சர். ஈரலுக்கும் பரவிட்டுது."  அடுத்த வரிக்கு வந்தேன். அவவுக்கு இன்னும் தெரியாது என்று என் நல்ல கையெழுத்தில் இருந்தது. மார்த்தா கோபிக்கட்டும். "அவவுக்குத் தெரியும்" என்றேன். "தெரியுமெண்டு மகளுக்குத் தெரியாது. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் தாய் சரியாக் கஷ்டப்படுறா. தாய்க்குப் பெலன் கிடைக்கவேணும் எண்டு ஜெபிக்கட்டாம்."  பவளம் அழவில்லை. ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்திருந்தேன், அவள் அழவில்லை. "மகள் எத்தினை மணிக்கு வருவா?" என்று கேட்டாள், ஒரு பிறத்தியாளைப் பற்றிக் கேட்கிற மாதிரி, மெதுவாக. ஐஞ்சு மணிக்கு, என்றேன். "அப்ப நான் நாலரைக்கு வாறன். வாயே திறக்க மாட்டன் கிளி. நீ சொல்லி முடிக்குமட்டும் பக்கத்தில இருக்கிறன்."